பதினேழாம் எண் குழாய்

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

போனில் பேச மாட்டேன், சொல்வதை எழுது என்று நீ சொல்லி மூன்று வாரமாகிறது. "எழுதினா அடிச்சுத் திருத்தவாவது உனக்கு நேரம் கிடைக்கும்" என்றாய். இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

நடந்ததை மறுக்கவில்லை. குண்டுவின் கையிலிருந்த துணிப்பொம்மையை வாங்கினேன். கண்ணாகத் தைத்திருந்த கறுப்புப் பட்டனை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. மற்றதைக் கத்தரியால் எடுத்தேன். சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள், அன்று அவளுக்கு இரண்டு வயது நிறைகிறது, பொம்மை நீ தைத்தது என்பதெல்லாம் அவள் வாய் திறந்து அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. பொம்மை சோதிக்கும் கூடத்தில் ஒரு நாளைக்கு நாற்பது கண்களை இழுக்கிறேன். பதினெட்டு வருடமாக. கை தானாகப் போய்விட்டது.

ஆனால் பட்டன் உண்மையிலேயே கையோடு வந்தது என்பதையும் நீ யோசிக்க வேண்டும். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். விட்டுவிடுகிறேன்.

இத்துடன் ஒரு பார்சல். மர அடுக்கு வளையங்கள், ஏழு. சாயம் எச்சில் பட்டால் கரையாது. விளிம்பு எங்கும் கூர் இல்லை. இடுப்பு உயரத்திலிருந்து பத்து முறை போட்டுப் பார்த்தேன், விரியவில்லை. நடுத்தண்டு வளையும், ஒடியாது. அவள் அதன்மேல் விழுந்தாலும் குத்தாது. கயிறு இல்லை, காந்தம் இல்லை, கழன்று வரும் பாகம் ஒன்றுகூட இல்லை. எண்பது பொம்மைகளைப் பார்த்து இதை எடுத்தேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

பார்சல் கிடைத்தது. ஒரு பொம்மை என்னவெல்லாம் செய்யாது என்று எழுதியிருக்கிறாய். கரையாது, விரியாது, ஒடியாது, குத்தாது. அது என்ன செய்யும் என்று ஒரு வரி இல்லை.

குண்டுவுக்கும் அதே சந்தேகம் வந்தது போல. பெரிய வளையத்தை மாட்டினாள். அடுத்ததை மாட்டினாள். ஏழும் ஆனதும் என்னைப் பார்த்து, "முடிஞ்சுது" என்றாள். எழுந்து போய்விட்டாள். உண்மைதானே. ஏழு வளையத்தை மாட்டிய பிறகு அதில் எட்டாவது வேலை இல்லை. இப்போது அது அலமாரி மேல் இருக்கிறது. யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாமல்.

நீ அடிக்காமல் விட்ட வரியைப் படித்தேன். நானும் ஒன்றை அடிக்காமல் எழுதுகிறேன். ஐந்து மாதம் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் என்னைப் படுக்கையில் போட்டபோது, உள்ளே இருப்பவள் தங்குவாளா மாட்டாளா என்று தெரியாமல், ஒரு நாளைக்கு நாலு தையல், ஐந்து தையல் என்று போட்ட பொம்மை அது. கண்ணைக் கடைசியில் வைத்தேன். கண் வைத்துவிட்டால் வந்துவிடுவாள் என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை. ஒன்றரைக் கிலோவில் வந்தாள். தேறட்டும் என்றுதான் குண்டு என்று கூப்பிட ஆரம்பித்தோம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்த கைதான் இழுத்தது.

பெரியம்மா என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அந்தப் பொம்மையைச் சட்டைக்குள் சொருகிக்கொள்கிறாள். கோபத்தில் எழுதவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

குண்டுவின் அம்மா


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தி உள்ள தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. மேசை இழுப்பறையில் வைக்க மனம் வரவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்கு ஒரு குறையாக இருந்ததில்லை. அதை நீ அறிவாய். ஆனால் ஒரு குழந்தை என் பெயரைக் கேட்டுத் தன் சொத்தை ஒளித்துவைக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவள் ஒரு முறை தானாக என்னிடம் வர வேண்டும். நீ தூக்கிக் கொடுத்து அல்ல, மிட்டாய் காட்டி அல்ல. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

என்ன செய்யும் என்று கேட்டாய். இப்போது அனுப்புவது எல்லாம் செய்யும். பன்னிரண்டு விலங்குகள் உள்ள பண்ணை, பன்னிரண்டு பட்டன். அழுத்தினால் கத்தும், பாடும், எண் சொல்லும், விளக்கு எரியும். பொம்மைகளை உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்கும் சக ஊழியர் ஒருவர் இருக்கிறார், 'விழுத்தாட்டி' என்று கூப்பிடுவோம். அவர் தன் மகனுக்கு இதைத்தான் வாங்கினாராம். "வீடே அதிருது மேடம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

அவர் சொன்னது பாராட்டு இல்லை.

முதல் நாள் மாடு கத்தியது, குண்டு பதிலுக்குக் கத்தினாள். இரண்டாம் நாள் குண்டு கத்தினாள், மாடு 'நான்கு, ஐந்து' என்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொம்மை விளையாடுகிறது, குழந்தை வேடிக்கை பார்க்கிறது. நான்காம் நாள் இவர் திருப்புளியை எடுத்தார். லிப்ட் மெக்கானிக் இருக்கிற வீட்டுக்கு, மூடியில் திருகாணி இருக்கிறது என்று எழுதி அனுப்பலாமா? அவருக்கு அது அழைப்பிதழ் மாதிரி. சத்தம் வரும் ஒயரைக் கழற்றிவிட்டார். இப்போது அது விளக்கு மட்டும் எரியும் ஊமைப் பண்ணை. குண்டு அதன்மேல் ஏறி உட்காருகிறாள். "பெரியம்மா அனுப்பினா உறுதியாத்தான் இருக்கும்" என்று சொல்லி இவரும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். தாங்கியது.

வந்த அட்டைப்பெட்டியை வைத்து விளையாடினாள் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. எல்லாக் குழந்தைக்கும் பெட்டி பிடிக்கும் என்கிறார்கள். இவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் அதிர்ஷ்டம் அப்படி.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். நீ குழந்தைக்கு வாங்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாங்குகிறாய். குத்தாது என்று ஒரு பார்சல், கத்தும் என்று ஒரு பார்சல். நடுவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

குண்டுவின் அம்மா


மார்ச் 9

தங்கச்சிக்கு,

இரண்டு நாள் கோபித்துக்கொண்டேன். பிறகு நீ சொன்னது சரி என்று பட்டது. அதற்குமேல் கோபத்தை வைத்துக்கொள்வது சிரமமாக இருந்தது.

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பொம்மைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றைக்கூட ஒரு குழந்தை வைத்து விளையாடி நான் பார்த்ததில்லை. எங்கள் கூடத்தில் குழந்தைகளே கிடையாது. குழந்தையின் பல்லுக்குப் பதில் ஒரு கிடுக்கி இருக்கிறது. கைக்குப் பதில் ஒரு கொக்கி. தொண்டைக்குப் பதில் ஒரு சிறிய உலோகக் குழாய், உள்ளே அடி சாய்வாக இருக்கும். பொம்மையின் ஏதாவது ஒரு பாகம் அதற்குள் முழுதாக இறங்கிவிட்டால் பொம்மை தேறாது. இறங்காமல் மேலே நீட்டிக்கொண்டு நின்றால் தேறும். நாள் முழுக்க நான் வாய்விட்டுச் சொல்வது இரண்டே சொல்: போகும், போகாது. பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார்.

இத்தனை வருடம் ஒரு குழந்தையின் தொண்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒரு குழந்தை என்ன செய்யும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதனால் ஓர் உதவி. ஒரு நாள் அவள் என்ன செய்கிறாள் என்று மணிவாரியாக எழுதி அனுப்பு. பொம்மையோடு வேண்டாம். சும்மா இருக்கும்போது. அதுவரை எதுவும் வாங்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

கேட்டாய், வாங்கிக்கொள். நேற்றுக் குறித்தது.

ஆறரை. எழுந்தாள். தலையணைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலிலிருந்து கீழே தள்ளினாள். எல்லாம் விழுந்ததும், "ஏத்து" என்றாள். ஏற்றினேன். தள்ளினாள். ஏற்றினேன். நான்கு சுற்று.

ஏழு. குளியலறை. ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர். பாதி தரைக்கு. மீதியைத் தன் செருப்பில் ஊற்றி, "செப்பு குச்சுது" என்றாள், செருப்பு குடித்ததாம். செருப்பு இன்னும் காயவில்லை.

எட்டு. இது முக்கியம். இவர் வேலைக்குக் கிளம்பும்போது இவருடைய கருவிப்பைக்குள் ஏதாவது ஒன்றை யாருக்கும் தெரியாமல் வைத்துவிடுவாள். பெரும்பாலும் உருளைக்கிழங்கு. சாயங்காலம் இவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஒரு சிரிப்பு வரும் பார், அதற்காகவே இவர் பையைத் திறந்து வைத்துவிட்டுச் சட்டை மாட்டப் போகிறார். போன வாரம் லிப்டுக்கு மேலே உட்கார்ந்து திருப்புளிக்குக் கைவிட்டால் கிழங்கு வந்திருக்கிறது. கூட இருந்தவர், "என்ன சார், மதியச் சாப்பாடா? பச்சையாவா?" என்றாராம்.

எல்லார் பையிலும் வைக்க மாட்டாள். பால் போடுகிறவரின் பையை ஒரு மாதம் தள்ளி நின்று பார்த்தாள். போன மாதம்தான் ஒரு வெங்காயம் வைத்தாள். அவர் மறுநாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், நல்ல மனிதர். என் மாமியார் இன்னும் காத்திருக்கிறார்.

பத்து முதல் பதினொன்று. அலமாரிக் கதவைத் திறந்தாள், மூடினாள். அறுபத்து மூன்று வரை எண்ணினேன். அதன்பின் பால் பொங்கிவிட்டது.

மதியம். துணிப்பொம்மையோடு ஒரு மணி நேரம். என்ன செய்தாள் என்று சொல்ல மாட்டேன். அதைக் கேட்கும் உரிமை உனக்கு இன்னும் வரவில்லை.

நான்கு. பாத்திரங்களை இடம் மாற்றினாள். பெரியதற்குள் சின்னது, சின்னதற்குள் பெரியது. இரண்டாவது நடக்கவில்லை என்று பாத்திரத்தைத் திட்டினாள். என் குரலில்.

உன் தங்கை


மார்ச் 24

தங்கச்சி,

மணிக்குறிப்பைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்துக்காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சாயம் சோதிக்கிற பெண், "மேடம், நாம சோதிக்கிறதவிட இவ கடுமையாச் சோதிக்கிறா" என்றாள்.

அதற்குப் பிறகு கடையில் வேறு கண்ணோடு நடந்தேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, 'இதில் எட்டாவது வேலை இருக்கிறதா' என்று கேட்டேன். அழுத்தினால் பாடுவதில் இல்லை. ஒரே ஒரு துளையில் ஒரே ஒரு வடிவம் பொருந்துவதில் கொஞ்சம் இருக்கிறது, பொருந்திய அன்றோடு தீர்ந்துவிடும். கடைசியில் பொம்மை என்றே சொல்ல முடியாதவற்றை வாங்கியிருக்கிறேன். சாயம் பூசாத மரக்கட்டைகள் இருபத்தாறு, ஒன்றுபோல் ஒன்று இல்லை. காது வைத்த மூன்று குவளைகள், ஒன்றில் மட்டும் அடியில் ஓட்டை. அது எதற்கு என்று அவளே கண்டுபிடிக்கட்டும். நான்கு முழத் துணி ஒன்று. எல்லாவற்றையும் போட்டுத் தூக்கிப்போக ஒரு துணிப்பை.

எப்போது 'முடிஞ்சுது' என்று சொல்ல வேண்டும் என்பது இதில் எழுதப்படவில்லை. ஒருவேளை அது பிடிக்கலாம். பிடிக்காவிட்டால் அதையும் எழுது.

நேற்று முழுக்க வீட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு கட்டையையும் சோதித்துத்தான் பையில் போட்டேன். குணம் போகாது. மன்னித்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

ஓட்டைக் குவளையை அவள் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது குளியலறையில் மழை பெய்கிறது. துணி ஒரு நாள் வீடு, ஒரு நாள் ஆறு. கட்டைகள் பேருந்து, தட்டு, குளிரில் நடுங்கும் பாப்பா, எனக்குத் தெரியாத இன்னும் ஏழெட்டு. இவர் சாயங்காலம் வந்ததும் கருவிப்பையை மூலையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். யார் யாரை விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் அவற்றையெல்லாம் மிஞ்சியது வேறொன்று. பையின் அடியில் ஒரு வெள்ளிநிறக் குழாய் கிடந்தது. உள்ளே சாய்வாக, வெளியே 17 என்று செதுக்கி. நீ போன மாதம் எழுதியது இதுதானே? நல்ல யோசனை, அக்கா. அவளுக்கு ஒரு முறைதான் காட்டினேன். ஒரு சின்னக் கட்டையை உள்ளே வைத்தேன், நீட்டிக்கொண்டு நின்றது. "போகாது" என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் சோதனைக்குத் தப்பியது எதுவும் இல்லை. சோப்புப்பெட்டி, போகாது. அப்பாவின் சீப்பு, போகாது. உருளைக்கிழங்கு, போகாது. என் காது, போகாது. கதவுக் கைப்பிடிக்குக் குழாயை எடுத்துப் போனாள். வாசலில் கையெழுத்துக் கேட்ட கூரியர்காரர் பேனாவை நீட்டினார். வாங்கி உள்ளே விட்டுப் பார்த்து, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "போகாது" என்று திருப்பிக் கொடுத்தாள். மனிதர் தன் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மாடி இறங்கினார்.

இது பெரியம்மாவுடையது என்று சொல்லிக் கொடுத்தேன். குழாய்க்கே அந்தப் பெயரை வைத்துவிட்டாள். எழுந்ததும், "பெம்மா எங்க?" என்று தேடுகிறாள். நேற்று நான் வேண்டுமென்றே, "பெரியம்மா" என்றேன். பொம்மையைச் சட்டைக்குள் சொருகவில்லை. குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

உன் தங்கை


ஏப்ரல் 7

தங்கச்சி,

அது யோசனை இல்லை. மறதி.

கட்டைகளை வீட்டில் சோதிக்க அந்தக் குழாயை யாரிடமும் சொல்லாமல் எடுத்து வந்தேன். சோதித்த கட்டைகளோடு கட்டையாக அதையும் பைக்குள் போட்டுக் கட்டியிருக்கிறேன். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் கவனக்குறைவைத் தேடிப் பிடித்துக் குறிக்கிறவள்.

அந்தக் குழாய் விளையாட்டுச் சாமான் இல்லை. எண் போட்டு, வருடா வருடம் அளவு சரிபார்த்து, பதிவேட்டில் இருக்கும் கருவி. அது காணோம் என்று கூடமே தலைகீழானது. உன் கடிதம் வரும்வரை எனக்கும் தெரியாது. ஆனால் வந்த பிறகும் இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் சாயம் சோதிக்கிற பெண்ணை நிற்க வைத்து, அவள் இழுப்பறையைக் காலி செய்து பார்த்தார்கள். அவள் அழவில்லை. சாமான்களை மறுபடி அடுக்கினாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை நானே போய்ச் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். "உங்க தங்கச்சி பொண்ணுகிட்டயா இருக்கு? அப்ப சரியான கையிலதான் இருக்கு" என்றாள். அவள் திட்டியிருக்கலாம்.

பிரிவுத் தலைவர், "இருபத்திரண்டாம் தேதி காலைல மேசைக்கு வரணும்" என்றார். வராவிட்டால் அதில் பார்த்த பொம்மைகளையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும், என் பெயரில் அறிக்கை போகும். அதனால் உடனே பார்சலில் அனுப்பு. அதுவரை சின்னச் சாமான் எதையும் அவள் கைக்கு எட்ட விடாதே. குழாய் அவளுக்கு ஆபத்தா என்று யோசித்தேன். அதைச் சோதித்துப் பார்க்க அந்தக் குழாய் வேண்டும்.

அவள் அதற்கு வைத்த பெயர் இருக்கும் வரியை எத்தனை முறை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

பார்சல் கட்டப் பார்த்தேன். காகிதத்தில் சுற்றினேன், நூல் கட்டினேன். குண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். அழவில்லை. "பெம்மா போகாது" என்றாள். பிரித்துக் கொடுத்துவிட்டேன். அதோடுதான் தூங்குகிறாள். ஒரு தடவை நீ அவள் கையிலிருந்து வாங்கினாய். இன்னொரு தடவை நான் பிடுங்க மாட்டேன். நீயே வா. நீயே கேள்.

திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எழுதும்போது கைதான் தயங்குகிறது.

ஒன்று. நீ பிய்த்த பட்டன்களை ஒரு டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்திருந்தேன். உன்மேல் இருக்கிற கோபம் ஆறிப்போனால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று. குண்டு தூங்கும்போது குழாயை எடுத்து, ஒரு பட்டனை உள்ளே போட்டேன். முழுதாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. குழாயைக் கவிழ்த்து எடுத்துவிட்டு, அவள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ செய்தது சரி அக்கா. செய்த விதம் இன்னும் சரியில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல இத்தனை நாள் எனக்கு வரவில்லை.

இரண்டு. மதியம் அவள் அந்தப் பொம்மையோடு என்ன செய்கிறாள் என்று சொல்ல மாட்டேன் என்றேனே. தூங்கவைக்கிறாள். கண் போன மறுநாளே அவளாக முடிவு செய்துவிட்டாள், பாப்பா தூங்குகிறது என்று. அன்றிலிருந்து போர்த்துகிறாள், தட்டிக் கொடுக்கிறாள், நான் பேசினால், "ச்சூ, பாப்பா ஜோஜோ" என்று என் வாயைப் பொத்துகிறாள். சட்டைக்குள் சொருகியதுகூட ஒளித்துவைக்கவா, எழுந்துவிடாமல் இருக்கவா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கண் இருந்தபோது ஒரு நாளும் அதை இவ்வளவு நேரம் வைத்திருந்ததில்லை. இதை உனக்கு மூன்று மாதமாகச் சொல்லவில்லை. சொன்னால் உன் குற்றம் குறைந்துவிடுமே என்றுதான்.

வா.

உன் தங்கை


ஏப்ரல் 17

தங்கச்சி,

சனிக்கிழமை மதியம் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்புவேன்.

கூடத்துத் தச்சரிடம் அதே அளவில் மரத்தில் ஒரு குழாய் கேட்டேன். "எந்தப் பரிசோதனைக்கு?" என்றார். "என்னைப் பரிசோதிக்க" என்றேன். கேள்வி கேட்காமல் செய்து கொடுத்தார். அதைக் கொடுத்துவிட்டுப் பதினேழை வாங்கலாம் என்பது திட்டம். ஏமாற்றுகிறேனோ என்றும் இருக்கிறது. அவளுக்கு மனமில்லை என்றால் வாங்க மாட்டேன். அறிக்கை போனால் போகட்டும். இதை வீரமாக எழுதவில்லை. எழுதிவிட்டு இரண்டு முறை எழுந்து நடந்தேன்.

பொம்மையைப் பற்றி ஒரு யோசனை. முகத்தைத் தொட வேண்டாம், அது தூங்கட்டும். தலையின் பின்பக்கம் நூலால் திறந்த கண் இரண்டு தைக்கலாமா? திருப்பினால் விழிக்கும், மறுபடி திருப்பினால் தூங்கும். கழன்று வர அதில் எதுவும் இருக்காது. தைக்க வேண்டியது நீ. நூல் நான் கொண்டுவருகிறேன். அவள் ஒப்புக்கொண்டால் மட்டும்.

வந்ததும் தூக்க மாட்டேன், கூப்பிட மாட்டேன். தரையில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு நாற்காலி போடாதே.

அக்கா


ஏப்ரல் 21, ஞாயிறு

அக்கா,

நீ கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. போன் செய்தேன், சிக்னல் இல்லை. மூன்று மாதத்தில் எழுதுவது பழகிவிட்டது.

நீ கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தெரியாததை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். பாதம் இரண்டும் வெளியே. நீ உன் கைப்பையைக் கவிழ்த்து, மரக்குழாயை எடுத்து, தனக்குத்தானே பேசுகிற ஆள் மாதிரி சோதிக்க ஆரம்பித்தாய். சீப்பு, போகாது. திரையில் ஒரு கண் வந்தது. சாவிக்கொத்து, போகாது. ஒரு கை வந்தது. பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டை, அவ்வளவு பெரிய கூட்டை, குழாய் மேல் வைத்துவிட்டு, "போகும்" என்றாயே. பதினெட்டு வருடத்தில் நீ சொன்ன முதல் பொய்யாக இருக்கும். அவளால் தாங்க முடியவில்லை. ஓடிவந்து உன் முன்னால் நின்று, "போகாது" என்றாள். நீ, "போகுமே" என்றாய். அவள் உள்ளே ஓடி உண்மையான பெம்மாவைக் கொண்டுவந்து, கூட்டை அதன்மேல் வைத்து, உன் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். "பாரு. போகாது." நீ தோற்றுப்போனதாக ஒத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து இவர் சிரிப்பை அடக்கக் குளியலறைக்குள் போய்விட்டார்.

அதன்பின் அவளாகப் போய்த் துணிப்பொம்மையை எடுத்துவந்து உன் மடியில் வைத்தாள். உன் இரண்டு விரலும் முகத்துக்குப் போனதைப் பார்த்தேன். பாதி வழியில் நீ கையை விரித்து, தட்டிக் கொடுக்க ஆரம்பித்தாய். அவள் உன் கையை எடுத்து இன்னும் மெதுவாகத் தட்டச் சொல்லிக் கொடுத்தாள். அந்த இடத்தில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

பின்பக்கக் கண் நல்ல யோசனைதான். நூறு தடவை முழிச்சாச்சு, நூறு தடவை ஜோஜோ. எட்டாவது வேலை என்ன, எண்பதாவது வேலையும் அதில் இருக்கிறது.

ஆனால் குழாய். நீ கேட்டாய், அவள் இரண்டு குழாயையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். "சரி, வச்சுக்கோ" என்று எழுந்துவிட்டாய். "அறிக்கை என் பேர்லதானே" என்று செருப்பை மாட்டினாய். எனக்கு மனம் கேட்கவில்லை. அவள் தூங்கியதும் எடுத்து இவரிடம் கொடுத்து, காலை வண்டியில் உன் கூடத்துக்கே அனுப்பலாம் என்று நினைத்தேன். இப்போது தேடினால் காணோம். கட்டிலடி, பாத்திரம், செருப்பு, ஊமைப் பண்ணைக்குள்கூடத் திறந்து பார்த்துவிட்டார். மரக்குழாய் மட்டும் இருக்கிறது. "பெம்மா எங்க?" என்று கேட்டால் வாசலைக் காட்டுகிறாள். நாளைக் காலைக்குள் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? இவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் தங்கை


ஏப்ரல் 24

தங்கச்சி,

தேட வேண்டாம்.

வீடு திரும்பிச் சாவிக்காகக் கைப்பைக்குள் கையை விட்டேன். சாவிக்குப் பதில் ஓர் உருளைக்கிழங்கு வந்தது. வாசல் விளக்கின் கீழ் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் என்னையும் கிழங்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏதாவது உதவி வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவரிடம் எப்படி விளக்குவது? பால் போடுகிறவருக்கு ஒரு மாதமாயிற்று, எனக்கு ஒன்றரை நாள்தான் என்றா?

அதற்குக் கீழே, என் கைக்குட்டையில் சுற்றி, பதினேழாம் எண். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வைத்திருக்க வேண்டும். நான் கேட்டதற்காகக் கொடுத்தாளா, வழக்கம்போல வைத்தாளா என்று வழியெல்லாம் யோசித்திருப்பேன், வழியிலேயே பார்த்திருந்தால். இப்போது யோசிக்கப் போவதில்லை.

திங்கள் காலை ஒன்பதுக்கு மேசையில் வைத்தேன். அளவு சரிபார்த்தார்கள், ஒரு மயிரிழை மாறவில்லை. சாய்வான அடியில் மட்டும் கொஞ்சம் மண் இருந்தது. "இது என்ன?" என்றார் தலைவர். "கிழங்கு மண்" என்றேன். குறித்துக்கொண்டார். அறிக்கை போகவில்லை.

இப்போது ஒன்று பாக்கி. உங்கள் வீட்டு விதிப்படி, வைத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலமே கொடுத்திருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. கிழங்கு சமையலறைச் சன்னலில் இருக்கிறது. அழுகாமல் இருக்கத் தினமும் திருப்பி வைக்கிறேன். விழுத்தாட்டி, "வேற ஒண்ணு வாங்கிட்டுப் போங்க மேடம், குழந்தைக்கு என்ன தெரியும்" என்றார். தெரியும் என்றேன்.

சனிக்கிழமை வருகிறேன். வருவது பெரியம்மா என்று அவளிடம் சொல்லிவை.

அக்கா